மலைக்குப் பள்ளமென்று பெயர்!

வட அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் தென்பால், 14,000 அடிக்கும் மேலாக ஓங்கி நிற்கும் கொடுமுடி ஒன்றுண்டு. நிலப்படத்தில் அதன் பெயர் திண்டால். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாய் நிற்கும் மாட்டர்கார்ன் மலையின் தோளில், 4,241 மீட்டர் உயரத்தில் ஒரு முனையுண்டு. அதன் பெயரும் திண்டால். தாசுமேனியத் தீவில் ஒரு மலை. தென்னமெரிக்கச் சிலி நாட்டில் ஒரு பனியாறு. ஆப்பிரிக்கக் கெனியா மலையின் சரிவில் மற்றொரு பனியாறு. எல்லாம் திண்டால், திண்டால், திண்டாலே! ஐந்து கண்டங்களில் ஐந்து வேறு மக்களின் நிலம். அவ் வைவருள் ஒருவரேனும் தம் தாய்மொழியில் இட்ட பெயரன்று இது.

பெயருக்குரியவர் சான் திண்டால் என்னும் இயற்பியலறிஞர். 1820இல் அயர்லாந்தில் பிறந்து 1893இல் மறைந்தவர். இலண்டன் அரச நிறுவனத்தில் 1853இல் இயற்பியற் பேராசிரியராய் அமர்ந்தவர். மைக்கேல் பாரடேயின் இடத்தை 1867இல் நிரப்பியவர். நீராவியும் கரியமில வளியும் வெப்பக் கதிரை விழுங்கிக்கொள்ளும் தன்மையன என்று 1859இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியவர். இன்று உலகெங்கும் பேசப்படும் புவி வெப்பமாதல் பற்றிய அறிவுக்கு அடிக்கல் நாட்டியவருள் ஒருவர். இருண்ட அறையின் சாளர ஓட்டை வழியே கதிரொளி புகும்போது தூசுத் துகள்கள் அதன் வழியைத் துலக்கிக் காட்டுகின்றனவே, அவ் வொளிச்சிதறலுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. அவர் அறிவின் பெருமையை ஐயுறுவார் யாருமில்லை. ஐயம் அவரைப் பற்றியதன்று. அவர் பெயரை மலைமேல் ஏற்றிவைத்த கைகளைப் பற்றியது.

முதற்கண் அப் பெயரின் பொருளைக் காண்போர் நகையை அடக்க மாட்டார். தைன் என்பது வட இங்கிலாந்தில் ஓடும் ஓர் ஆறு. தேல் என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். தைன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் அங்கு வாழ்ந்த குடிகளுக்குக் குடிப்பெயராயிற்று. திண்டேல் என்றும் திண்டால் என்றும் நாளடைவில் திரிந்தது. ஆக, ஆற்றுப் பள்ளம் என்னும் பொருளுடைய சொல் ஐந்து கண்டங்களிலும் மலைக்கும் பனிக்கும் பெயராய்ச் சூட்டப்பட்டிருக்கின்றது! சொல்லின் பொருள் செத்தபின் அது எதன்மேலும் ஒட்டும். தமிழர் எவரேனும் ஒரு குன்றைப் பள்ளம் என்று அழைத்தால், ஊர்ப் பிள்ளைகளே கைகொட்டிச் சிரிப்பர். ஆங்கிலவர் செய்தால் அது நிலநூல்.

டிண்டால் என்று எழுதாமல் திண்டால் என்று எழுதுவது ஏன் எனப் புதியவர் சிலர் வினவக்கூடும். டகரம் தமிழில் மொழிக்கு முதலாக வாராது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தமிழுக்குள் வரும் பெயர் தமிழொலியை ஏற்று வருவதே முறை. ஈரோட்டை அடுத்துத் திண்டல் என்று முருகன் கோயில் கொண்ட குன்றொன்று உள்ளதே, குழப்பம் நேராதோ என்று குறும்பாய்க் கேட்பாரும் உளர். அயர்லாந்து அறிஞரையும் திண்டல் முருகனையும் ஒன்றாய்க் கருதும் மாணவன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்கு வேண்டுவது வேறோர் எழுத்தன்று, வேறோர் ஆசிரியர்.

திண்டாலின் இளமையை அறிந்தோர்க்கே இப் பெயர்க் கதையின் முழு முரண்பாடும் விளங்கும். அவர் பிறந்தது கார்லோ மாவட்டத்துச் சிற்றூர். அதன் அயரியப் பெயர் பள்ளத்தாக்கையும் பாலத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. ஆங்கில வடிவில் பாலம் மட்டும் ஆங்கிலச் சொல்லாய் மாறி நிற்கின்றது. பள்ளத்தாக்கு என்னும் அயரியச் சொல் எழுத்துக் குலைந்து, பொருளற்ற ஒலியாய்ப் போயிற்று. ஒரே பள்ளத்தாக்கு! ஆங்கிலவன் குடிப்பெயரிலிருந்தால் உலக மலைகளிலெல்லாம் ஏறுகின்றது. அயரியன் ஊர்ப்பெயரிலிருந்தால் சொந்த ஊரிலேயே புதைகின்றது.

அவ்வூர்க் காவலர் ஒருவரின் மகனாகிய திண்டால் 1839இல் முதன்முதலாய் ஏற்ற பணி யாது? அயர்லாந்து நில அளவைத் துறையில் படம் வரையும் பணி! 1824இல் தாமசு கோல்பி என்னும் படைத்தலைவர் தலைமையில் தொடங்கிய துறை அது. நிலவரிக்கு மதிப்பீடு செய்வதற்காகத் தீவு முழுவதையும் ஒரு கல்லுக்கு ஆறு விரலம் என்னும் அளவில் வரைந்தனர், 1846இல் முடித்தனர். ஓடை, மேடு, சதுப்பு, சிற்றூர் என ஒவ்வொன்றின் பெயரும் அப் படங்களில் ஆங்கில எழுத்தில் நிலைநிறுத்தப்பட்டது. அயரியச் செவிக்குக் கருவாலித் தோப்பு என்றும் கரிய குளம் என்றும் தெளிவாய்ப் பொருள் தந்த பெயர்கள், ஆங்கில எழுத்துக் கூட்டலுக்குள் புகுந்தபின் எப் பொருளும் தாரா ஒலிகளாயின. கரிய குளமே இன்றைய தப்ளின் நகர். கருவாலித் தோப்புக்கு நேர்ந்தது அதனினும் கொடுமை. தெரி என்னும் அவ்வூரின் பெயருக்கு முன்னால் 1613இலேயே இலண்டன் என்னும் சொல்லை ஒட்டவைத்து, இலண்டன்தெரி என்றாக்கினர். தோப்புக்கு வேலியிட்டவனே தோப்பின் பெயரிலும் ஏறி அமர்ந்தான்.

நேர்மையாய்ச் சொல்ல வேண்டிய ஒன்று இங்குண்டு. அத் துறையில் சான் ஓடனோவன் என்னும் அயரியப் புலவர் ஒருவர் பணிசெய்தார். 1830களில் ஊர் ஊராய் நடந்து, முதியோரை வினவி, ஒவ்வோர் இடத்தின் அயரியப் பெயரையும் அதன் பொருளையும் பெயரேடுகளில் குறித்துவைத்தார். யூசின் ஓகரி போன்ற புலவர்கள் பழஞ்சுவடிகளைப் பார்த்து அவருக்குத் துணைநின்றனர். படத்தில் அச்சானது ஆங்கில வடிவமே எனினும், ஏட்டில் அயரிய வடிவம் உயிரோடு கிடந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பெரும்பஞ்சம் வந்தது. அயரியம் பேசிய மேலைக் கரை மக்களே மிகுதியாய் மடிந்தனர், எஞ்சியோர் கப்பலேறினர். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயரியம் அறிந்தோர் ஏறத்தாழ நால்வருள் ஒருவரே. ஓடனோவன் வினவிய முதியோர் போயினர். பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினர். ஏடு இல்லாதிருந்தால் அப் பெயர்களை மீட்பதற்கு இன்று வழியே இராது.

திண்டாலோ படம் வரைந்தார். 1842இல் அவரை இங்கிலாந்துப் பிரசுட்டன் நகர்க்கு மாற்றினர். அங்கே அயரிய உதவியாளர்க்கு நேர்ந்த குறைந்த ஊதியத்தையும் முறைகேடான நடத்தையையும் எதிர்த்து முறையிட்டார், செய்தித்தாள்களுக்கும் எழுதினார், 1843இல் வேலையை இழந்தார். கூலிக்காகக் குரல் கொடுத்த அந்த இளைஞரின் துணிவு பாராட்டத்தக்கது. ஆயினும் தம் மக்களின் கூலி குறைவதைக் கண்ட கண்ணுக்குத் தம் மண்ணின் பெயர் குறைவது படவில்லை. பின்னாளில் புகழேணியின் உச்சியில் நின்றபோது, அயர்லாந்து மக்கள் கேட்ட தன்னாட்சியைக் கடுமையாக எதிர்த்தோர் வரிசையில் அவரும் நின்றார். ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு தெளிந்த பார்வை, அரசியலில் அவ்வளவு மங்கல்!

இன்னொன்றும் குறிக்கத்தக்கது. வில்லியம் திண்டேல் என்பார் ஆங்கிலப் பொதுமக்கள் தம் மொழியிலேயே மறைநூலைப் படிக்க வேண்டுமென்று கருதிப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1526இல் அச்சிட்டார். இலத்தீனமே இறைவன் மொழி என்றிருந்தோர் அவரைப் பிடித்து, 1536இல் கழுத்தை நெரித்துத் தீயிலிட்டனர். திண்டால் குடும்பத்தார் அவரோடு உறவு கொண்டாடி வந்தனர். கோயிலிலும் வழிபாட்டிலும் தாய்மொழி வேண்டுமென்று கேட்போரை இன்றும் எள்ளி நகையாடும் தமிழ்நாட்டு அறிவாளிகள் அந்தத் திண்டேலின் வரலாற்றை ஒருமுறை படித்தல் நன்று. ஆங்கிலம் ஆங்கிலமானது ஒருவர் உயிர்கொடுத்ததால். அவ்வாறு உயிர்பெற்ற மொழி, பிறர் மொழியின் உயிரைக் குடிக்கப் புறப்பட்டதே கொடுமை.

இனி மலைக்கு வருவோம். 1864ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள். கலிபோர்னிய நிலப்பொதியியல் அளவைக் குழுவைச் சேர்ந்த கிளாரன்சு கிங்கு என்னும் இளைஞரும் இரிச்சர்டு காட்டர் என்னும் துணைவரும் அக் கொடுமுடியின் உச்சியை அடைந்தனர். திண்டாலின் பனிமலை நூல்களில் ஈடுபாடு கொண்டிருந்தவர் கிங்கு. அங்கேயே அம் மலைக்குத் திண்டால் என்று பெயரிட்டார். சுற்றிப் பார்த்தால் அதனினும் உயர்ந்த முடிகள் தெரிந்தன. அவற்றுள் மிக உயர்ந்ததற்குத் தம் குழுத்தலைவர் விட்னியின் பெயர் வாய்த்தது. மேலதிகாரிக்கு மிக உயர்ந்தது. மதிப்புக்குரிய அறிஞர்க்கு அடுத்த வரிசை. அலுவலக ஒழுங்கு மலைமேலும் வழுவவில்லை!

அம் மலையின் கீழைச் சரிவில் பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கின்றது. ஓவன்சு பள்ளத்தாக்கு என்பது படத்திலுள்ள பெயர். ஓவன்சு என்பார் ஒரு தேடுகுழுவைச் சேர்ந்தவர்; அப் பள்ளத்தாக்கில் காலடி வைத்தவரே அல்லர். அங்கே வழிவழியாய் வாழ்ந்த பையூட்டு மக்கள் அதனைப் பயகூனடு என்றனர். நீர் ஓடும் நிலம் என்பது பொருள். வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குப் பயிர்க்கு நீர் பாய்ச்சிய மக்கள் அவர்கள். 1860களின் தொடக்கத்தில் மாடு மேய்க்க வந்த வெள்ளையர் அப் பயிர்நிலத்தில் மந்தைகளை விட்டனர், போர் மூண்டது, படை வந்தது. 1863 சூலையில் ஆயிரத்தை ஒட்டிய பையூட்டு மக்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராது, கொளுத்தும் வெயிலில் தெற்கே தெசோன் கோட்டைக்கு நடத்திச் சென்றனர். வழியில் மாண்டோர் உண்டு; தப்பி ஓடினோர் உண்டு.

1863 சூலையில் மக்களை வெளியேற்றினர். 1864 சூலையில் மலைக்குப் பெயரிட்டனர். இடையில் சரியாய் ஓராண்டு! அம் மலையின் பெயர் யாது என்று சொல்லத்தக்கவர்கள் படைக்காவலில் கிடந்த வேளையில், பெயரில்லா மலையைக் கண்டதாகச் சொல்லி அறிஞர் பெயர் சூட்டப்பட்டது. பெயரற்ற மலை என்று உலகில் எங்குமில்லை; பெயரைச் சொல்வார் அற்ற மலைகளே உண்டு. விட்னி என்று பெயர்பெற்ற உச்சிக்குப் பையூட்டு மக்கள் வழங்கிய பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. துமங்குயா என்பது அது. மிக முதியோன் என்று பொருள். திண்டால் என்னும் முடியை அவர்கள் எப் பெயரால் அழைத்தனர் என்று நிலப்படம் சொல்வதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு அப் பள்ளத்தாக்கே விடை. 1913இல் இலாசு ஏஞ்சலீசு மாநகரம் 200 கல்லுக்கும் மேற்பட்ட நெடுங்கால்வாய் வெட்டி அப் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரைக் கொண்டுபோயிற்று. 1920களில் அங்கிருந்த பேரேரி வற்றியது. உப்புப் புழுதி பறந்தது. இன்று அங்கே நிற்பவனிடம் ஓவன்சு என்னும் சொல் எதையும் சொல்லாது. பயகூனடு என்னும் சொல்லோ, இங்கே நீர் ஓடியது, அது எங்கே போயிற்று என்று கேட்கும். பெயர் சான்றாவணம். ஆவணத்தைக் கிழிப்பதில் ஆவணத்திற்கு அஞ்சுவோர்க்கு ஆர்வம் இராமற் போகுமா?

கலிபோர்னியக் கொடுமுடியைத் திண்டால் கண்ணாலும் கண்டதில்லை. 1872-73இல் அமெரிக்கா சென்றார். கீழைக்கரை நகரங்களில் ஒளியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கிடைத்த வருவாயை அந் நாட்டு இளைஞரின் இயற்பியற் கல்விக்கே கொடையாக்கித் திரும்பினார். பண்பட்ட செயல். ஆனால் மலைக்கும் அவர்க்கும் இடையே ஒரு கண்டத்தின் அகலம் இருந்தது.

ஆல்ப்சு மலையில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். திண்டால் வெறும் அறைக்குள்ளிருந்த அறிஞரல்லர்; தேர்ந்த மலையேறி. 1861இல் வைசுகார்ன் என்னும் 4,506 மீட்டர் உயர மலையின் உச்சியை, பென்னன், வெங்கர் என்னும் வழிகாட்டிகள் இருவருடன், உலகிலேயே முதன்முதலாய் மிதித்தவர் அவர். அம் மலைக்கு அவர் பெயர் இடப்பட்டதா? இல்லை! வெண்கொம்பு என்னும் பொருளுடைய அம் மண்ணின் பெயரே இன்றும் நிற்கின்றது. ஏறிய மலை தன் பெயரை இழக்கவில்லை. ஏறாத மலை அவர் பெயரைச் சுமக்கின்றது! கரணியம் வெளிப்படை. வைசுகார்ன் அடிவாரத்தில் அப் பெயரைச் சொல்லும் உழவர் ஊர்விட்டு ஓட்டப்படாமல் இருந்தனர். அவர்தம் மொழிக்கு எழுத்தும் பள்ளியும் ஊராட்சியும் இருந்தன. மாட்டர்கார்ன் தோளில் உள்ள முனைக்கு மட்டும், 1862இல் அவர் அதுவரை ஏறி நின்றதால், அவர் பெயர் வந்தது. அதனையும் பெரிதாய்க் குறைகூற வேண்டுவதில்லை. முழுமலையின் பெயர் மாறவில்லை, கால்பட்ட கல்லுக்கு ஓர் அடையாளம் அவ்வளவே.

அறிவியலறிஞரை மதிக்க வேண்டாவா என்று கேட்போர் இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஒளிச்சிதறலுக்குத் திண்டால் விளைவு என்று பெயரிடுவது முறை. அவர் உழைத்துக் கண்டதற்கு அவர் பெயர். தமிழ்ப் பாடநூலிலும் அது நிற்கட்டும். மின்னழுத்தத்திற்கு வோல்ட்டா பெயரையும் மின்னோட்டத்திற்கு ஆம்பியர் பெயரையும் அலகாக்கியதால் எவருடைய சொத்தும் பறிபோகவில்லை. மலை அத்தகையதன்று. அது எந்த அறிஞரும் கண்டுபிடித்ததன்று. அவர் பாட்டனின் பாட்டன் பிறக்குமுன்பே அதன் நிழலில் வாழ்ந்தோர் அதற்கு ஒரு சொல்லை ஆக்கியிருந்தனர். அச் சொல்லை அழித்துவிட்டு இன்னொன்றை எழுதுவதற்கு மதிப்புச் செய்தல் என்று பெயரில்லை. தனித்தமிழ் கேட்போரை அறிவியற் பகைவர் என்று தூற்றுவோர் இந்த இரண்டையும் ஒன்றாக்கியே பேசுகின்றனர். அறியாமையால் பேசுவாரைத் திருத்தலாம். அறிந்தே பேசுவாரை என் செய்வது?

இமயத்தில் நடந்ததும் இதுவே. அதன் வேர் தமிழ்மண்ணிலிருந்தே கிளம்பியது. 1802 ஏப்பிரலில் இலாம்டன் என்னும் படையதிகாரி சென்னைப் பரங்கிமலையை ஒட்டி ஏழரைக் கல் நீளத்திற்கு அடிக்கோடு அளந்தார். இந்தியப் பெருமுக்கோண அளவை அங்கே பிறந்தது. அரைத் தன் எடையுள்ள அவர் கோணக்கருவி 1808இல் தஞ்சைப் பெரியகோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றுகையில் சுவரில் மோதிப் பழுதுற்றது. கோயில் அளவைக் கோபுரமாயிற்று. குன்றுகள் அளவைப் புள்ளிகளாயின. இலாம்டனுக்குப் பின்வந்த சியார்சு எவரெசுட்டு, 1829இல் அயர்லாந்து சென்று கோல்பியின் அளவைக்கோல்களைக் கண்டு, அவ்வகைக் கோல்களையே இங்குக் கொணர்ந்தார். அயர்லாந்தை அளந்த கோலும் இந்தியாவை அளந்த கோலும் ஒன்றே. பெயரழித்த கோலும் ஒன்றே என்றால் மிகையாகுமா?

இராதாநாத் சிக்தர் என்னும் வங்கக் கணக்கறிஞர் உலகின் மிக உயர்ந்த கொடுமுடியைக் கணக்கிட்டறிந்தார். 1856இல் அளவைத் தலைவர் ஆண்ட்ரூ வா அதற்குத் தம் முன்னவர் எவரெசுட்டின் பெயரை முன்மொழிந்தார். அங்குள்ளார் இட்ட பெயர் கிடைக்கவில்லையாம்! திபெத்தியர் வழங்கிய சோமோலுங்மா என்னும் பெயர், 1730களிலேயே பாரிசு நகரில் அச்சான நிலப்படத்தில், சிறிது திரிந்த வடிவில், ஏறியிருந்தது. எவரெசுட்டே மறுத்தார், தம் பெயரை அந் நாட்டார் எழுதவும் மாட்டார், சொல்லவும் மாட்டார் என்றார். 1865இல் இலண்டன் நிலநூற் கழகம் அப் பெயரையே உறுதிசெய்தது. வேடிக்கை என்னவெனில், அவர் தம் குடிப்பெயரை ஈவ்ரெசுட்டு என்றே ஒலித்தார். எவரெசுட்டு என்று இன்று உலகம் சொல்வது அவர் பெயரும் அன்று, மலையின் பெயரும் அன்று!

ஆங்கிலப் பெயரை நேபாள அரசு விலக்கியபோதாவது மலைவாணர் மொழிக்கு வாழ்வு வந்ததா? சாகர்மாதா என்று ஒரு பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் பாபுராம் ஆச்சாரியா என்னும் வரலாற்றாசிரியர் எழுதிப் பரப்பிய வடமொழிச் சாயற் பெயர் அது. அடிவாரத்தில் வாழும் செர்ப்பர் நாவில் வழங்கிய சோமோலுங்மா பின்தள்ளப்பட்டது. ஒருபுறம் ஆங்கிலம் அழுத்த, மறுபுறம் வடமொழி அழுத்த, இடையில் நசுங்குவது மண்ணின் மொழி.

இக் கதை தமிழர்க்குப் புதிதோ? தேவாரத்தில் முதுகுன்றம் என்று பாடப்பட்ட ஊர் விருத்தாசலம் ஆயிற்று. பழமலை என்னும் எளிய பொருளை வடமொழியில் பெயர்த்து, தமிழ்ப்பெயரைத் தலைமறைவாக்கினர். முதியோன் என்று பையூட்டு மக்கள் அழைத்த மலை விட்னியான கதையையும், முதுகுன்றம் விருத்தாசலமான கதையையும் அருகருகே வைத்துப் பார்க்க. ஒன்று துமுக்கியோடு வந்தது. மற்றொன்று தொன்மக் கதையோடு வந்தது. மறைக்காடு வேதாரணியமானதும் அவ்வழியே. துமுக்கியோடு வந்ததையேனும் மக்கள் வன்முறை என்று அறிவர். கதையோடு வந்ததைக் கும்பிட்டு ஏற்றனர்!

இனித் தமிழர் தம்மையே நோக்கிக் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு; இயக்கத்தவர் சிலர்க்கு அது கசக்கும். ஆங்கிலவர் பெயர் தாங்கிய இடங்களுக்குத் தமிழ்த் தலைவர் பெயரை இடுவதே மீட்பு என்று கருதுவார் உளர். அது மீட்பன்று, ஆள்மாற்றம். வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலையைப் பாருங்கள். அலாசுக்கப் பழங்குடியினர் அதனைத் தெனாலி என்றனர். உயர்ந்தது என்று பொருள். அங்குப் பொன் தேட வந்த ஒருவர் 1896இல் மெக்கின்லி என்னும் அரசியலாளர் பெயரை இட்டார். மெக்கின்லி அலாசுக்காவை மிதித்தவரே அல்லர். 1975 முதல் அலாசுக்க மாநிலம் பழம்பெயரைக் கேட்டு நின்று, 2015இல் பெற்றது. 2025இல் புதிய குடியரசுத் தலைவர் ஓர் ஆணையால் மீண்டும் மெக்கின்லி ஆக்கினார். ஆள்பெயர் அரசியலின் பெயர். ஆட்சி மாறினால் அதுவும் மாறும். தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர் பெயர்களை வரிசையாய் இட்டு, அதனால் சாதிப்பூசல் மூண்டு, 1997இல் அத்தனையையும் நீக்க நேர்ந்ததை மறந்துவிட்டனரா? அன்று நீக்கப்பட்ட பெயர்களுக்கடியில் ஊரின் பெயர் அப்படியே இருந்தது, அதுவே மீண்டது.

மாற்றினால் மக்கள் குழம்புவர் என்பாரும் அயர்லாந்தையே காட்டுவர். அங்கே அயரியம் பேசும் பகுதிகளில் அயரியப் பெயர்களுக்கே சட்டவலு என்று 2005இல் நடைமுறைக்கு வந்தது. திங்கிள் என்று உலகறிந்த கடற்கரை ஊர் ஒன்று அதனை எதிர்த்தது. சுற்றுலா வருவார் வழி தவறுவர் என்றது. 2011இல் சட்டம் திருத்தி இரு பெயரையும் ஏற்றனர். உண்மையே. ஆனால் அக் கூற்றை எடுத்துவருவோர் ஒன்றை விழுங்கிவிடுகின்றனர். ஆயிரக்கணக்கான பிற பெயர்கள் ஓசையின்றி நிலைபெற்றன. அவற்றுக்குப் பின்னால் 1946இல் நிறுவிய இடப்பெயர் ஆணையத்தின் நெடிய உழைப்பு இருந்தது. அவ் வுழைப்புக்குப் பின்னால் ஓடனோவனின் பெயரேடுகள் இருந்தன.

தமிழ்நாட்டில் 2020 சூனில் நடந்தது யாது? 1,018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழொலிக்கு ஏற்ப எழுத வேண்டுமென்று அரசாணை வெளிவந்தது. தூத்துக்குடியை வெள்ளையன் சிதைத்த வடிவினின்று விடுவிக்கும் நல்ல நோக்கம். ஆனால் உரோமன் எழுத்துக்கூட்டல் ஒழுங்கற்றுக் கிடந்தது. வேலூர் என்பதன் புதிய வடிவை வீலூர் என்று படித்துச் சிரித்தோர் பலர். சில நாள்களுக்குள் ஆணை மீட்டுக்கொள்ளப்பட்டது. தமிழ்ப்பகைவர் மகிழ்ந்தனர், தமிழன்பர் தலைகுனிந்தனர். பிழை நோக்கத்தில் இல்லை, அடுக்கில் இருந்தது. ஆங்கில எழுத்து எப்படி என்று கேட்குமுன், தமிழ்ப்பெயர் யாதென்று ஊருக்குள் சென்று கேட்டவர் எத்தனை பேர்?

மேற்குத் தொடரிலும் கிழக்குத் தொடரிலும் உள்ள ஒவ்வொரு குன்றுக்கும், பாறைக்கும், சுனைக்கும் ஆடு மேய்ப்பார் நாவிலும் தேனெடுப்பார் நாவிலும் பெயருண்டு. அளவைப் படத்திலோ பல குன்றுகளுக்கு உயரத்தைக் காட்டும் எண் மட்டுமே உண்டு. எண்ணை அடித்துவிட்டு நாளை எவர் பெயரையும் அங்கு எழுதலாம். அப் பெயர்களைச் சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஊர்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரை ஒரு விடுமுறையில் அனுப்பிப் பாட்டன் பாட்டியரைக் கேட்டு, பெயர், அதன் பொருள், அது பற்றிய கதை, சொன்னவர் ஊர், சொன்ன நாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் செய்தல் கூடும். அரசு அதனைத் திரட்டி, மாவட்டந்தோறும் தமிழில் அச்சிட வேண்டும். உரோமன் எழுத்துப் பட்டியல் அதன்பின் வரட்டும்.